‘ஹாட்’ பட்டனும் வெள்ளாவிப் பானையும்

போன வாரம் ஓபியில ஒரு குடும்பம். அப்பா, அம்மா, காலேஜ் போற பையன். மூணு பேருக்கும் படர்தாமரை. ஏழு மாசமா வருது, போகுது, திரும்ப வருது.

"துணியை சுடுதண்ணியில துவைக்கச் சொன்னேனே?"

"அப்படித்தான் சார் துவைக்கிறோம். மெஷின்ல ஹாட் பட்டன் போட்டுத்தான்."

எந்த மாதிரி மெஷின்னு கேட்டேன். டாப் லோட். உள்ளே ஹீட்டர் கிடையாது. பின்னால் ரெண்டு குழாய்க்கு இணைப்பு, ரெண்டிலும் வருவது மாடி டேங்க் தண்ணி. ஹாட் அமுக்கினா ரெண்டாவது வால்வு திறக்கும். அவ்வளவுதான். ஏழு மாசமா பச்சைத் தண்ணியில துவைச்சுட்டு, சுடுதண்ணின்னு நம்பிட்டு இருந்திருக்காங்க.

அவங்களைக் குறை சொல்ல முடியாது. இந்த பட்டனுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம். வெள்ளாவி. அழுக்குத் துணியை உவர்மண் கரைசல்ல முக்கிப் பிழிந்து, அடியில் தண்ணி கொதிக்கிற பானை மேல வட்டமா அடுக்கி, மேலே மூடி, ராத்திரி முழுக்க ஆவியில வேக விடுவாங்க. காலையில ஆத்துக்கோ குளத்துக்கோ கொண்டு போய் கல்லுல அடிச்சு அலசி, வெயில்ல காயப் போடுவாங்க. உவர்மண்ல இருப்பது சோடா உப்பு, அதாவது காரம். காரம், கிட்டத்தட்ட 100 டிகிரி ஆவி, பல மணி நேரம், கடைசியா வெயில். ஒரு மைக்ரோபயாலஜிஸ்ட்கிட்ட இதைச் சொன்னா கையெடுத்துக் கும்பிடுவார்.

அந்த வேலையைச் செய்தவங்களை ஊர் எங்க வச்சிருந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். பிரசவத் துணி, தீட்டுத் துணி, அம்மை போட்டவங்க துணி எல்லாம் அவங்க கைக்குத்தான் போகும். கிருமியோட முதல் தொடர்பும் அவங்களுக்குத்தான்.

இதுக்கு மேல ஒரு அவமானம். பிரிட்டிஷ் இந்தியாவில் சிப்பாய்களுக்கும் துரைமார்களுக்கும் தொடையிடுக்கில் அரிப்பு வந்தது. அதுக்கு அவங்க வச்ச பேரு ‘தோபி இட்ச்’. வண்ணார் அரிப்பு! எல்லாருடைய துணியையும் ஒண்ணாப் போட்டு துவைச்சு நோயைப் பரப்புறாங்கன்னு பழி. இன்னைக்கும் சில மருத்துவ அகராதியில இந்தப் பேரு கிடக்கு. இந்த வெக்கையில இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கிட்டு வேர்த்து ஊறினா பூஞ்சை வரும்னு சொன்னா தப்பு நம்ம பேர்ல வந்துடும் இல்லையா. நியாயமா ஒண்ணு சொல்லிடறேன்: கம்பளி, ஃபிளானல் எல்லாம் வெள்ளாவியில வைக்க முடியாது, சுருங்கிடும். அந்தத் துணிகள் பச்சைத் தண்ணியில்தான் அலசப்பட்டிருக்கும். அதனால துணி வழியா பரவவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஊர்லயே அதிக சூட்டில் துணி துவைச்ச ஆள் பேரை நோய்க்கு வைக்கிறது அநியாயம்.

இந்த அரிப்பை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஆல்டோ காஸ்டெல்லானி. இத்தாலிக்காரர், 1903 முதல் கொழும்பில் வேலை பார்த்தார். நாம இன்னைக்கு ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம்னு சொல்ற பூஞ்சையை 1910ல் விவரித்தவர் அவர்தான்.

நூறு வருஷம் தாண்டி 2011ல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு. அதே ரூப்ரம் பூஞ்சையைத் துணியில் ஏத்தி மெஷின்ல போட்டுப் பார்த்தாங்க. 30 டிகிரியில் பிழைச்சுக்கிச்சு. 60 டிகிரியில் செத்துடுச்சு. அழுக்குக் கூடையில் ஒண்ணாக் கிடந்தாலே ஒரு துணியில் இருந்து இன்னொண்ணுக்குத் தாவுதுன்னும் பார்த்தாங்க. மூணு பேர் துணியும் ஒரே கூடை. புரியுதா?

துணிதான் குற்றவாளின்னு மருத்துவ உலகத்தை நம்ப வச்சவர் சார்ல் நிக்கோல். துனிஸ் நகரம், 1909. டைஃபஸ் காய்ச்சல் (டைஃபாய்டு இல்லைங்க, இது வேற). நோயாளி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எல்லாருக்கும் ஒட்டிக்குது. உள்ளே வார்டில் படுத்த பிறகு பக்கத்துக் கட்டிலுக்குக்கூடப் பரவுவதில்லை. நடுவுல என்ன நடக்குது? துணியைக் கழட்டி, குளிப்பாட்டி, ஆஸ்பத்திரி உடுப்பு மாத்துறாங்க. ஊழியர்கள்ல யாருக்கு நோய் வருது? அந்தத் துணியை வாங்கி வைக்கிறவங்களுக்கும் சலவைக்காரங்களுக்கும். அப்போ விஷயம் துணியில இருக்கு. தையல் இடுக்கில் வாழும் பேன்! குரங்குகள்ல சோதிச்சு உறுதி பண்ணினார். 1928ல் நோபல். எனக்கு ரொம்பப் பிடிச்ச மருத்துவக் கண்டுபிடிப்பு இதுதான். மைக்ரோஸ்கோப் எடுக்கிறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு பார்த்ததுலயே பாதி வேலை முடிஞ்சிருச்சு.

சரி, மெஷினுக்கு வருவோம். இங்கதான் உலகம் ரெண்டாப் பிரியுது.

ஐரோப்பாவில் துணியைக் கொதிக்க வைக்கிற பழக்கம் ஊறிப் போனது. 1907ல் வந்த பெர்சில் பவுடரில் இருந்த பெர்போரேட்டும் 60 டிகிரிக்கு மேலதான் ஒழுங்கா வேலை செய்யும். அதனால அங்க மெஷினுக்குள்ளேயே ஹீட்டர் வச்சாங்க. பச்சைத் தண்ணியை எடுத்து மெஷினே 60, 90னு ஏத்திக்கும்.

அமெரிக்காவில் வீட்டுக்கு ஒரு பெரிய பொது ஹீட்டர். மெஷினுக்கு ரெண்டு குழாய், சூடு ஒண்ணு, குளிர் ஒண்ணு. மெஷின் எதையும் சூடாக்காது, கலந்துக்கும். அந்தப் பொது ஹீட்டர் 60 டிகிரியில் இருந்த வரைக்கும் பெரிய பிரச்சினை இல்லை.

ஆனா அதே ஹீட்டர் தண்ணிதான் குளியலறைக்கும் போகுது. 1947ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ்னு ரெண்டு பேர் தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்து போகும்னு அளந்து வச்சிருந்தாங்க. 60 டிகிரி தண்ணி பட்டா பெரியவங்களுக்கே 5 செகண்ட் போதும். 49 டிகிரின்னா பல நிமிஷம் ஆகும், அதுக்குள்ள கையை எடுத்துடலாம். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் வேகும். 1978ல் சியாட்டில் குழந்தை மருத்துவர் கென்னத் ஃபெல்ட்மனும் கூட்டாளிகளும் குழாய்ச் சுடுதண்ணியால் வெந்த குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. 1983ல் வாஷிங்டன் மாநிலம் சட்டமே போட்டது: புது ஹீட்டரை 49ல் வச்சுத்தான் கொடுக்கணும்.

தீக்காய வார்டில் ஒரு நாள் நின்னவங்க யாரும் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேச மாட்டாங்க.

ஆனா 1992ல் சிட்னியில் இருந்து ஒரு ஆய்வு வருது. ஆஸ்துமாக்காரங்க படுக்கையில் வாழும் தூசிப்பூச்சி முழுசா சாக 55 டிகிரி வேணும். பச்சைத் தண்ணியில துவைச்சா அதோட அலர்ஜிப் பொருள் பெரும்பாலும் அலசிப் போயிடும், பூச்சி மட்டும் பிழைச்சுக்கும். ஆக, குழந்தை டாக்டர் 49ல வைங்கறார், அலர்ஜி டாக்டர் 55 வேணுங்கறார். ஹீட்டர் ஒண்ணுதான்!

நம்ம வீட்டு டாப் லோடுகளில் பல, இந்த அமெரிக்க அமைப்பின் வாரிசு. பட்டன் வந்துடுச்சு, பொது ஹீட்டர் வரலை.

"அப்போ கீசர் குழாயை மெஷினுக்கு இழுத்துடறேன் சார்"ன்னார் அப்பா. கணக்கு போட்டுக் காட்டினேன். 25 லிட்டர் கீசர், தண்ணி 65 டிகிரி. மெஷின் பிடிக்கிறது தோராயமா 60 லிட்டர். மீதி 35 லிட்டர் 30 டிகிரியில டேங்க்ல இருந்து. கலந்தா வரும் சூடு 45கூட இல்லை. துணியும் டிரம்மும் குடிச்சது போக இன்னும் குறையும். படர்தாமரைக்கு 60 வேணும். சொறி சிரங்குப் பூச்சிக்கே 50க்கு மேல 10 நிமிஷம் வேணும். 15 லிட்டர் கீசர்னா 39கூட வராது, அது குழந்தையைக் குளிப்பாட்டற சூடு.

ஹீட்டர் உள்ள ஃப்ரன்ட் லோட் இருந்தா 60ல போடுங்க. 15 லிட்டர் தண்ணியை 30ல இருந்து 60க்கு ஏத்த அரை யூனிட் கரண்ட்தான். ‘குயிக் வாஷ்’ வேண்டாம், சூடு ஏறவே நேரம் இருக்காது.

அதெல்லாம் இல்லாத இந்தக் குடும்பத்துக்குச் சொன்னது: எல்லாத் துணியும் வேண்டாம். உள்ளாடை, துண்டு, கைலி, படுக்கை விரிப்பு, பருத்தி மட்டும். ஒவ்வொருத்தருக்கும் தனிக் கூடை. பெரிய பாத்திரத்தில் தண்ணியும் துணியும் போட்டு அடுப்புலயே சூடாக்கி, கொதி வந்ததும் அணைச்சு, மூடி போட்டு, அங்கேயே ஆற விடுங்க. தூக்கிட்டு பாத்ரூமுக்கு நடக்காதீங்க. குறுக்க ஒரு குழந்தை ஓடினா போதும். ஆறினதும் எடுத்து மெஷின்ல போட்டு வழக்கம் போல துவைங்க. வெயில்ல உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி காயப் போடுங்க.

மாத்திரையை முழு கோர்ஸ் சாப்பிடணும், மூணு பேரும் சேர்ந்து. மெடிக்கல்ல தானா வாங்கித் தடவின ஸ்டீராய்டு கலந்த க்ரீமை அன்னைக்கே குப்பையில் போடச் சொன்னேன். இன்னைக்கு நம்ம நாட்டில் பரவி இருக்கிற ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே பல நேரம் டெர்பினஃபினுக்கே மசியாது. வெறும் சுடுதண்ணி அதைக் குணப்படுத்தாது, திரும்ப ஒட்டுறதைத்தான் குறைக்கும்.

ஜட்டி எலாஸ்டிக் போயிடுமான்னு இன்பாக்ஸ்ல கேக்கப் போறீங்க. போகும். ரெண்டு செட் புதுசு வாங்கிக்கோங்க.