கடைசிவரை பிடியை விடாத விமானி

எங்கள் திருவனந்தபுரத்தில் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம் 1984 ஜூலையில் அமைந்தது. ஆகவே விமானப்படை வீரர்களின் கதைகள் இங்கு எப்போதும் காதில் விழும். அவற்றுள், நம் நாட்டில் பிறந்தும் நம்மில் பலர் அறியாத ஒருவரைப் பற்றி உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லெஸ்லி தாமஸ் மான்சர் 1922 மே 11 அன்று புது டில்லியில் பிறந்தவர். தந்தை இங்கு தபால் தந்தி இலாகாவில் எஞ்சினியர். டார்ஜிலிங் பக்கம் கர்சியாங் பள்ளியில் படித்த சிறுவன், குடும்பம் இங்கிலாந்து திரும்பிய பின் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தான்.

1942 மே 30 இரவு, ஜெர்மனியின் கொலோன் நகரின் மீது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் குண்டு வீசப் புறப்பட்டன. மான்சர் ஓட்டியது மான்செஸ்டர் ரக விமானம். அவரையும் சேர்த்து ஏழு பேர். அவருக்கு வயது இருபதுதான்.

7,000 அடி உயரத்திலிருந்து குண்டுகளை வீசிய விமானம், பீரங்கிச் சூட்டில் அடிபட்டது. தப்பிக்க ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கியபோது மறுபடியும் அடி. பின்புறத் துப்பாக்கி வீரர் காயமடைந்தார்; முன்னறை முழுவதும் புகை. அப்போதே எல்லோரும் பாரசூட்டில் குதித்திருக்கலாம். குதித்தால் எதிரியிடம் சிக்குவார்கள். எப்படியாவது ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மான்சர் முடிவு செய்து, 2,000 அடிக்கு ஏற்றினார். அங்கே இடது எஞ்சின் தீப்பற்றியது. பத்து நிமிடம் போராடித் தீ அணைந்தது; எஞ்சினும் நின்றது.

இங்கே சற்று விஞ்ஞானம் சொல்ல வேண்டும். இந்த விமானத்துக்கு இரண்டே எஞ்சின்கள். ஒன்று நின்றுவிட்டால் மற்றது ஒரு பக்கமாக இழுக்கும். விமானி சுக்கானை எதிர்ப்புறம் அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். வேகம் குறையக் குறைய அந்தப் பிடிக்கும் பலம் குறையும். கையை விட்டால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து தலைகுப்புற விழும். ஆயிரம் அடியிலிருந்து ஒரு கல் தரையைத் தொட எட்டு விநாடிதான். ஆகவே ஆறு பேர் குதிக்க வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. குதிக்குமாறு மான்சர் உத்தரவிட்டார். கடைசியாக நின்ற பேவிஸ்டாக், பாரசூட்டை அவரிடம் நீட்டினார். இன்னும் சில விநாடிகளே சமாளிக்க முடியும், உடனே குதி என்று சைகை காட்டி மறுத்துவிட்டார் மான்சர். விமானம் பெல்ஜியத்தில் பிரே என்ற ஊருக்கருகே விழுந்து எரிந்தது.

குதித்த ஆறு பேரும் பிழைத்தனர். ஒருவர் மட்டும் பிடிபட்டார். மற்ற ஐவரையும் பெல்ஜிய மக்கள், தங்கள் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும், ஒளித்துவைத்து வழியனுப்பினார்கள். இங்கிலாந்து திரும்பிய அந்த ஐவர் சொன்ன சாட்சியத்தின் பேரில்தான் 1942 அக்டோபரில் மான்சருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. பேவிஸ்டாக் பின்னர் தாமே விமானியாகிப் பல விருதுகள் பெற்றார். அந்தச் சில விநாடிகள் வீண்போகவில்லை.

அன்பர்கள் சிலர் கேட்கலாம்: அது நம்மை ஆண்டவர்களின் படை, அதே ஆகஸ்டில்தான் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் தொடங்கியது, கொலோனில் அன்றிரவு மாண்டவர்களில் சாதாரண ஜனங்கள் நூற்றுக்கணக்கானோர். இவருக்கு நாம் ஏன் அஞ்சலி செலுத்த வேண்டும்? கேள்வி நியாயமானதே. அந்தக் குண்டுவீச்சை நான் புகழவில்லை. போரின் கணக்கு வேறு, தன்னை நம்பி வந்த ஆறு பேரிடம் ஒருவர் தீர்த்த கணக்கு வேறு.

நம் நாட்டிலும் இதே இலக்கணம் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, குக்ரி போர்க்கப்பல் மூழ்கியபோது, கேப்டன் மகேந்திர நாத் முல்லா தம் உயிர்காப்பு அங்கியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

சர்க்கார் உத்தியோகத்தில் பல ஆண்டுகள் இருந்த எனக்கு ஒன்று தெரியும். பொறுப்பு என்பது கையெழுத்திடும் அதிகாரம் மட்டுமல்ல. ஆபத்து வரும்போது கடைசியாக வெளியேறும் கடமையும்தான். பெல்ஜியத்தில் ஹெவர்லி மயானத்தில் உறங்கும் அந்த இருபது வயது இளைஞர் அதை அறிந்திருந்தார். நம் பேரன் பேத்திகளுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள்.