தாகம் அடங்கினால் போதுமா? வலியையும் நீர்க்குறைவையும் நரம்புச் செல்கள் உணரும் முறை

வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு வாருவோரும், பாம்பன், இராமேசுவரம் கடற்பகுதியில் மீன்பிடிப்போரும் வெயிலில் பல மணி நேரம் உழைக்கின்றனர். வலியும் தாகமும் அவர்களது உடலுக்குக் காவலாகும் உணர்வுகள். இவற்றுள் தாகத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்தானது.

வலி உணர்வு

தோலில் பரவியுள்ள நுண்ணிய நரம்பு முனைகளின் உறையில், வாயில் போன்று திறந்து மூடும் புரதங்கள் உள்ளன. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் அவற்றுள் ஒன்று திறந்து, மூளைக்குச் செய்தி செல்கிறது. இராமநாதபுரம் குண்டு மிளகாயின் காரமும் இதே வாயிலைத் திறப்பதால்தான் நாக்கு எரிகிறது. இதனை 1997-இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

தாக உணர்வு

மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியிலுள்ள சில நரம்புச் செல்கள் இரத்தத்தின் உப்புச் செறிவைக் கண்காணிக்கின்றன. வியர்வையால் நீர் குறைந்து செறிவு ஓரிரு விழுக்காடு கூடினாலே இச்செல்கள் சுருங்கிச் செய்தி அனுப்புகின்றன. வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் சுரந்து சிறுநீரின் அளவைக் குறைக்கிறது, தாகமும் எழுகிறது.

ஆனால் வியர்வையில் உப்பும் வெளியேறுகிறது. அந்நிலையில் வெறும் நீரைப் பருகினால் செறிவு விரைவில் தணிந்து, உடலின் நீரிழப்பு ஈடாகும் முன்பே தாகம் அடங்கிவிடும். முதியவர்களுக்குத் தாக உணர்வே குறைந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வெயிலில் உழைக்கும்போது தாகத்திற்குக் காத்திராமல், சிறிது இடைவெளிவிட்டு நீர் அருந்துங்கள்.
• மிகுதியாக வியர்த்தால் உப்பிட்ட நீராகாரம், மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசலைப் பருகுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுமையாகக் கரைக்கவும்.
• சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலோ, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு ஏற்பட்டாலோ வேலையை நிறுத்தி நிழலுக்குச் செல்லுங்கள்.
• முதியவர்களுக்கு, அவர்கள் கேட்காவிட்டாலும், அவ்வப்போது நீர் கொடுங்கள்.
• இதய நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் நீர், உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மனக்குழப்பம், மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது. அவரை நிழலில் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடலைக் குளிர்வியுங்கள்.