மலையும் வயலும்: கதைப் பதற்றம் கற்பித்தல் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

புனைகதையிற் பதற்றம் எவ்வாறு வளர்க்கப்படுகின்றது என்பதை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர், கரும்பலகையில் ஒரு மலையை வரைதல் வழக்கமாகிவிட்டது. தொடக்கம் அடிவாரம், சிக்கல் ஏற்றம், உச்சம் சிகரம், அதன்பின் இறக்கமும் முடிவும். இவ்வரைபடம் யேர்மனிய எழுத்தாளர் குஸ்தாவ் பிறைற்றாக் 1863 இல் வெளியிட்ட நாடக நுட்ப நூலின் வழிவந்தது. அவர் ஆராய்ந்தவை கிரேக்க நாடகங்களும் சேக்சுபியர் நாடகங்களும் போன்ற மேடைப் படைப்புக்களே. சிறுகதைக்கும் நாவலுக்கும் அதனைப் பொருத்தியோர் பின்வந்தவர்கள்.

தமிழில் இதற்கு நெடுங்காலம் முன்னரே வேறோர் உருவகம் இருந்தது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என நாடகச் சந்தி ஐந்தினைக் கூறி, உழவுத் தொழிலால் விளக்குகின்றார். வித்து முளைத்தல், நாற்றாகி வளர்தல், கதிர் கருக்கொள்ளல், முற்றி விளைதல், அறுத்து உண்டல் என அது செல்கின்றது. 1892 இல் உ. வே. சாமிநாதையர் இவ்வுரையைக் காப்பியத்தோடு பதிப்பித்தார். ஐந்து சந்தி என்ற பாகுபாடு வடமொழி மரபிலும் உண்டு. இதுவும் நாடகத்துக்கே கூறப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் கதை கற்பிப்போர்க்கு மலையினும் வயலே உதவும் என்பது எமது கருத்து. கருப்பநிலையிற் கதிர் உள்ளே உளது என்பதை உழவன் அறிவான், காணமாட்டான். பதற்றத்தின் இயல்பும் அதுவே.

கொலைக்களக் காதையை நோக்குக. கோவலன் கொலையுண்பான் என்பதைப் பதிகமே சொல்லிவிடுகின்றது. ஆதலின் 'அடுத்து யாது நிகழும்' என்ற வினாவுக்கு இடமில்லை. ஆயினும் ஆயர் சேரியிற் கண்ணகி அடிசில் ஆக்குவதையும், அவன் உண்பதையும், ஒரு சிலம்புடன் புறப்படுவதையும் படிக்கையில் நெஞ்சு துணுக்குறுகின்றது. வழியில் எதிர்ப்பட்ட ஏறு தீநிமித்தம் என்பதை அவன் அறியான், நாம் அறிவோம். பின்னர்க் காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே எனத் தயங்குமிடத்தில், முடிவு தெரிந்த நாமும் ஒரு கணம் நம்பத் தலைப்படுகின்றோம். பொற்கொல்லன் கள்வரின் திறங்களை விரித்துரைத்து அத்தயக்கத்தைத் தேய்க்கின்றான். ஒருவன் வாளோச்ச எல்லாம் முடிகின்றது.

மலையை வரைந்து ஐந்து பெயர்களைக் குறித்த மாணவன் பரீட்சையிற் புள்ளி பெறுவான். அந்த உணவுக் காட்சி ஏன் அத்துணை நீண்டது என்பதை அவன் அறியாமலே போகலாம். உச்சக்கட்டம் யாது என வினவுவதை விடுத்து, ஆசிரியர் எதனை, யாருக்கு, எவ்விடம்வரை மறைத்தார் என வினவின், அவன் மீண்டும் அப்பாடத்தைத் திறந்தே விடைகாண வேண்டியிருக்கும்.