நவம்பர் 1: ஒரே தேதி, எத்தனை எல்லைகள்!



'நமக்கு எப்போது சுதந்திரம் கிடைத்தது?' என்று கேட்டால் எல்லோரும் 1947 ஆகஸ்ட் 15 என்போம். ஆனால் எங்கள் பூவத்தில் அந்தப் பதில் செல்லாது! காரைக்காலின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்துத் தரங்கம்பாடி 1947-லேயே சுதந்திர இந்தியா. இங்கே இன்னும் ஏழு வருடம் பிரெஞ்சு ஆட்சி. எங்களுக்கு விடிந்தது 1954 நவம்பர் 1 அன்று.

இந்தத் தேதியைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது.

1858 நவம்பர் 1: கம்பெனி ஆட்சி முடிந்தது என்ற விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தை அலகாபாத்தில் கானிங் பிரபு வாசித்தார்.

1954 நவம்பர் 1: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கின் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 18-ல், கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8.

1956 நவம்பர் 1: மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. கேரளா உருவானது. கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு நின்றுவிட்டன.

1966 நவம்பர் 1: ஹரியானா. 2000 நவம்பர் 1: சத்தீஸ்கர்.

இதில் மாயம் எதுவும் இல்லை. நிர்வாகம் கை மாற மாதத்தின் முதல் தேதி வசதி, அவ்வளவுதான். என் கேள்வி வேறு. தமிழ் பேசும் ஊர்களை ஒன்றாகச் சேர்த்த 1956-ல் காரைக்கால் மட்டும் ஏன் விடுபட்டது?

காரணம், சட்டப்படி நாங்கள் அப்போதும் பிரான்ஸ்! ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே மாதம் கையெழுத்தானாலும், அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். மக்களின் விருப்பத்தை அறியாமல் இப்பகுதிகளின் தனி நிலையை மாற்றக்கூடாது என்றும் அந்த ஒப்பந்தம் சொல்கிறது. 1979-ல் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது புதுச்சேரியே கொந்தளித்தது. பேச்சு அடங்கிவிட்டது.

2014 முதல் நவம்பர் 1-ஐ விடுதலை நாளாகப் புதுச்சேரி அரசு கொண்டாடுகிறது. அந்த நாளில் நாடுகளுக்கு நடுவே இருந்த எல்லை போனது. மாநில எல்லையாக அதே கோடு நின்றுவிட்டது. வடக்கே போனாலும் தமிழ்தான், தெற்கே போனாலும் தமிழ்தான். நடுவில் நாங்கள் மட்டும் யூனியன் பிரதேசம்!

அது குறையா, பெருமையா? எனக்கு இரண்டும்தான். உங்கள் ஊருக்கு எது சுதந்திர நாள் நண்பர்களே? ஒருமுறை தேடிப் பாருங்கள்.