10-ம் வகுப்பு கணிதம்: 16 மார்க்குக்கு ஜியோஜீப்ரா ஆப் கைகொடுக்குமா?

காசிமேட்டில் இருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் கருவி உண்டு. மீன் கிடைத்த இடத்தை இரண்டு எண்களாகக் குறித்து வைத்தால் போதும், அடுத்த முறை நேரா அங்கேயே போய்விடலாம். கணக்குப் புத்தகத்தில் வரும் 'ஆயத்தொலைவுகள்' கிட்டத்தட்ட இதே விஷயம்தான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் படகுத் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுசு இல்லை. ஆனால், அதுவே கரும்பலகைக்கு வந்தால் பலருக்குப் பயம்.

16 மார்க் ஏன் முக்கியம்?

10-ம் வகுப்பு கணிதப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்களுக்கு. தேர்ச்சிக்கு 35 வேண்டும். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என இந்த இரண்டு கேள்விகளிலேயே 16 மார்க். அதாவது, பாஸ் மார்க்கில் கிட்டத்தட்ட பாதி.

ஜியோஜீப்ரா என்றால் என்ன?

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய கணித மென்பொருள். மாணவர்களுக்கு இலவசம். தமிழ்நாட்டில் 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடுகள் உள்ளன. கணிதப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேன் செய்தால் திறப்பது பெரும்பாலும் ஜியோஜீப்ரா பணித்தாள்தான்.

எப்படி உதவும்?

எக்ஸ் ஸ்கொயர் - 4எக்ஸ் + 3 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். இதன் வளைகோடு எக்ஸ் அச்சை 1, 3 ஆகிய இரு இடங்களில் வெட்டும். கடைசியில் உள்ள 3-ஐ 4 ஆக்கினால் வளைகோடு மேலே ஏறி, 2-ல் மட்டும் தொட்டு நிற்கும். 5 ஆக்கினால் அச்சைத் தொடவே தொடாது. இரு மூலங்கள், சம மூலங்கள், மெய் மூலங்கள் இல்லை என்று மனப்பாடம் செய்யும் மூன்று நிலையும் இதுதான். போர்டில் இதற்கு மூன்று படம் வரைய வேண்டும். ஆப்பில் ஸ்லைடரை விரலால் நகர்த்தினாலே தெரிந்துவிடும்.

வசதி எங்கே இருக்கிறது?

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கப்பட்டது. பிறகு 2019-ல் கல்வித் தொலைக்காட்சியும், 2023-ல் மணற்கேணி செயலியும் வந்தன. பிரெஞ்சு வளர்ச்சி முகமை நிதியுதவியுடன் ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்க 28 சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் தேர்வாகின.

வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால்? ஆப்பை ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால், வரைபடம் வரைய நெட் தேவையில்லை. இரவில் 15 நிமிஷம் கிடைத்தாலும் போதும்.

கவனிக்க வேண்டியது

தேர்வு அறையில் போனும் கிடையாது, ஸ்லைடரும் கிடையாது. பென்சில், ஸ்கேல், கிராஃப் தாள் மட்டும்தான். அளவுத்திட்டம் எழுதுவது, அட்டவணை போடுவது, புள்ளி வைப்பது எல்லாம் கைப்பழக்கம். அதனால் முதலில் கையால் வரையுங்கள், பிறகு ஆப்பில் சரிபாருங்கள். ரெண்டும் பொருந்தவில்லையா? தப்பு பெரும்பாலும் அட்டவணையில் ப்ளஸ், மைனஸ் மாறிய இடத்தில்தான் இருக்கும். அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், பரீட்சையில் அந்த 8 மார்க் கைவிட்டுப் போகாது.