தூங்கும் வண்டியில் விழித்திருந்தவர்கள்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு, சமத்துவத்துக்காகப் போராடிய சான்றோர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வரைந்து தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி எழுதலாமே என்றும் எடுத்துக் கொடுத்தார்கள். கிங்கை அறியாதார் யார்? நம் காலனிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே அவரைப் படித்து விடுகின்றனர். ஆனால், அந்த இளைஞரை முதன்முதலில் மேடைக்குக் கொண்டுவர உழைத்தவர்களுள் முதல்வர் ஓர் இரயில்வே தொழிலாளி என்பது பலருக்குத் தெரியாது. இரயில்வே குமாஸ்தாவாகிய நான் அதை எழுதாமல் வேறு யார் எழுதுவது?

இரயில் வண்டிக்கும் சம உரிமைப் போராட்டத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1893 ஜூன் 7 அன்று இரவு தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியடிகள் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டதை யாவரும் அறிவோம். சரியாக ஓராண்டுக்கு முன், 1892-ஆம் ஆண்டின் அதே ஜூன் 7 அன்று, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஹோமர் பிளெஸ்ஸி என்னும் செருப்புத் தொழிலாளி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், ‘தனித்தனியே இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்’ என்னும் கருத்தில் 1896-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வேர் அறுபட 1954 வரை ஆயிற்று. பிளெஸ்ஸிக்கு மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கியதோ 2022-இல்! நம் தென்னாட்டு நிலையங்களிலும் ஒரு காலத்தில் பிராமணர்க்கு ஒன்று, ஏனையோர்க்கு ஒன்று எனச் சிற்றுண்டிச் சாலைகள் பிரிந்திருந்தன என்பதை மறந்துவிட்டு அமெரிக்கரை மட்டும் இகழ்தல் நமக்கு அழகன்று.

நிற்க. 1867-இல் ஜார்ஜ் புல்மன் என்னும் முதலாளி, நெடுந்தொலைவு செல்லும் பிரயாணிகளுக்கென்று ஆடம்பரமான தூங்கும் வண்டிகளை ஓட்டும் கம்பெனியை நிறுவினார். படுக்கை விரிக்கவும், காலணிக்கு மெருகிடவும், நள்ளிரவில் மணி அடித்தால் ஓடிவரவும் ஆட்கள் வேண்டியிருந்தது. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பு மக்களை அவ்வேலைக்கு அமர்த்தினார். அவர்களுக்குப் போர்ட்டர் என்று பெயர். நம் நிலையத்துச் சுமைகூலி அல்லர். இன்றைய குளிர்பதனப் பெட்டி உதவியாளரைப் போன்றவர் என்று கொள்க.

பிரயாணிகள் அவர்கள் எல்லாரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். அடிமைகளை எசமானன் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. இதைக் கண்டிக்க ஒரு சங்கமும் தோன்றிற்று. யாரால் என்கிறீர்கள்? ஜார்ஜ் என்று பெயர் வாய்ந்த வெள்ளைக்காரர்களால்! தங்கள் பெயர் இழிவுபடுகிறதே என்பது அவர்கள் கவலை. கம்பெனியார் ஒருமுறை கணக்கெடுத்துப் பார்த்ததில், போர்ட்டர்களும் பரிசாரகர்களுமாகச் சுமார் 12,000 பேரில் 362 பேருக்குத்தான் உண்மையிலேயே ஜார்ஜ் என்று பெயர்.

1920-களில் ஒரு போர்ட்டரின் மாத வேலை 400 மணி நேரம் அல்லது 11,000 மைல். முப்பது நாளும் ஓய்வின்றி உழைத்தாலும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிக்கு மேல் வருகிறது. சம்பளம் ஏறத்தாழ 70 டாலர். காலணி மெருகுக்கும் உணவுக்கும் கைக்காசு. வண்டி புறப்படுமுன் பெட்டியை ஆயத்தம் செய்யும் நேரத்துக்குக் கூலி இல்லை. துவாலை காணாமற்போனால் அவர் தலையில் விடியும். சென்ற ஆண்டு ஊருக்குப் போய் வந்தபோது, எங்கள் பெட்டி உதவியாளரும் இதே துவாலைக் கதையைத்தான் என்னிடம் சொன்னார். நான்கு முறை அதே வண்டியில் அவரைக் கண்டிருந்தும் ‘தம்பி’ என்றழைத்ததன்றி அவர் பெயரை நான் கேட்டதில்லை.

இம்மக்களுக்குச் சங்கம் அமைக்க முன்வந்தவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். 1889-இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். தந்தையார் தையல் தொழில் செய்துகொண்டே சமய ஊழியமும் புரிந்தவர். ராண்டால்ஃப் நியூயார்க்கில் பத்திரிகை நடத்தி வந்தார்; ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தோய்ந்தவர்; கணீரென்ற குரலினர். அவர் ஒருநாளும் போர்ட்டராக இருந்ததில்லை. அதனால்தான் அவரை அழைத்தார்கள். புல்மன் கம்பெனியால் அவரை வேலையிலிருந்து நீக்க இயலாதன்றோ? 1925 ஆகஸ்டு 25 அன்று ஹார்லம் பகுதியில் தூங்கும் வண்டிப் போர்ட்டர்களின் சகோதரச் சங்கம் உதயமாயிற்று.

பிறகு பட்ட பாட்டை என்னென்பது! கம்பெனி ஒற்றர்களை ஏவிற்று. போட்டிச் சங்கம் ஒன்றைத் தானே நடத்திற்று. சந்தா கட்டியவர் என்று தெரிந்தால் வேலை போயிற்று. ஆகவே பல ஊர்களில் கணவன்மார்க்குப் பதில் மனைவியரே இரகசியமாகக் கூட்டத்துக்குச் சென்றனர், நிதி திரட்டினர். 1928-இல் அறிவித்த வேலைநிறுத்தத்தைக் கடைசி நேரத்தில் கைவிட நேர்ந்தது. உறுப்பினர் நம்பிக்கை இழந்தனர். 1933-இல் சங்கத்தில் எஞ்சியோர் 658 பேர். அக்காலத்தில் ராண்டால்ஃபின் குடும்பம் நடந்தது பெரும்பாலும் அவர் மனைவியார் லூசில் அம்மையாரின் சிகை அலங்கார நிலைய வருமானத்தால்தான். வரலாற்று நூல்கள் அந்த அம்மையாருக்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை.

1934-இல் இரயில்வே தொழிற்சட்டம் திருத்தப்பட்டது. மறு ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ராண்டால்ஃபின் சங்கத்துக்கு 5,931 வாக்கு, கம்பெனியாரின் சங்கத்துக்கு 1,422. 1937 ஆகஸ்டு 25 அன்று, சங்கம் பிறந்து பன்னிரண்டு ஆண்டு நிறைந்த அதே தேதியில், கம்பெனி கையொப்பமிட்டது. மாத வேலை 240 மணியாகக் குறைந்தது, ஊதியம் உயர்ந்தது.

1941-இல், போர்த் தொழிற்சாலைகளில் கறுப்பு மக்களுக்கு வேலை தராவிடில் லட்சம் பேரோடு வாஷிங்டனுக்கு நடந்து வருவோம் என்றார் ராண்டால்ஃப். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அழைத்துப் பேசினார், ஜூன் 25 அன்று அத்தொழிற்சாலைகளில் இனவேற்றுமையைத் தடுக்கும் ஆணை வெளியாயிற்று, நடைப்பயணமும் நின்றது. நின்றுபோன அந்தப் பயணத்தை 1963 ஆகஸ்டு 28 அன்று, தம் 74-ஆம் வயதில், இரண்டரை லட்சம் மக்களோடு நடத்திக் காட்டினார். கிங் தம் கனவைக் கூறியது அந்த மேடையில்தான். அவ்விழாவைக் காண லூசில் அம்மையார் இல்லை. சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். ராண்டால்ஃப் 1979-இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் போர்ட்டர் சங்கம் இரயில்வே குமாஸ்தாக்களின் சங்கத்தோடு இணைந்தது. வெள்ளையரன்றிப் பிறரைச் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் விதி வைத்திருந்த குமாஸ்தாச் சங்கம் அது. குமாஸ்தாவாகிய நான் இதைச் சற்றுத் தலைகுனிந்தே எழுதுகிறேன்.

இனித் தொடக்கத்தில் சொன்ன தொழிலாளிக்கு வருவோம். அவர் பெயர் இ. டி. நிக்சன். அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரத்தவர். பள்ளிக்குச் சென்றது மொத்தம் ஓராண்டுக்குச் சற்று மேல். புல்மன் போர்ட்டர், தம் ஊர்ச் சங்கக் கிளையின் தலைவர். 1955 டிசம்பர் 1 மாலை, பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானபோது ஜாமீன் கொடுத்து மீட்டவர் அவரே. இரவோடிரவாக யார் யாரைக் கூட்டலாம் என்று பட்டியலிட்டார். விடிந்ததும் 26 வயதுப் பாதிரியார் கிங்கைத் தொலைபேசியில் அழைத்தார். பிறகு, முறைப்படி தம் வண்டிக்கு டியூட்டி ஏறிச் சென்றுவிட்டார்! ஊர் கொதிக்கிறது, மூட்டியவரோ எங்கோ பிரயாணிகளுக்குப் படுக்கை விரித்துக் கொண்டிருக்கிறார். திரும்பி வந்த பின் நடந்த கூட்டத்தில், பெயர் வெளியே தெரியாமல் போராடலாம் என்று தயங்கிய பாதிரியார்களை, நீங்கள் ஆண்பிள்ளைகளா, சிறுபிள்ளைகளா என்று கேட்கும்படி கடிந்துகொண்டார். அக்கூட்டம் கிங்கைத் தலைவராகவும் நிக்சனைப் பொருளாளராகவும் தேர்ந்தது. 1956 பிப்ரவரியில் நிக்சன் வீட்டில் வெடிகுண்டு விழுந்தது. 381 நாள் மக்கள் பேருந்தில் ஏறவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

1957-இல் நிக்சன் பொருளாளர் பதவியை விட்டு விலகினார். தம்மைப் புதிதாக வந்தவரைப் போலவும் குழந்தையைப் போலவும் நடத்துகிறார்கள் என்று கிங்குக்கு மனம் நொந்து எழுதினார். பட்டதாரிகள் கூடிய சபையில் பள்ளி காணாதவர் அமர்ந்திருப்பது எத்தகையது என்பதைப் பத்தாம் வகுப்போடு நின்ற நான் ஓரளவு அறிவேன். கிங் மீது குறை காண்பது என் நோக்கமன்று; அவர் பெருமை குறையவும் குறையாது. ஆயினும் புண்பட்டவர் புண்பட்டார்.

இரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் நிக்சன் அதே மான்ட்கோமரியில், அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில், பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்யும் பணியில் அமர்ந்தார். 1987-இல் காலமாகும் வரை அந்த ஊரை விட்டு அவர் குடிபெயரவில்லை.