மேன் பக்கங்களின் வடிவ ஒழுங்கு

யூனிக்ஸிலும் அதன் வழியில் வந்த லினக்ஸ், பி.எஸ்.டி. இயங்குதளங்களிலும் ஒரு கட்டளையையோ நிரற்கூற்றையோ கோப்பு வடிவத்தையோ விளக்கும் ஆவணம் மேன் பக்கம் எனப்படும். முனையத்தில் ‘மேன்’ என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் திரையில் விரியும். ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேர் அரை நூற்றாண்டாக எழுதிவரும் இப்பக்கங்கள், முதற்பார்வையில் ஒரே கை எழுதியவை போல இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் அந்த ஒழுங்கின் கிழிசல்கள் தெரியும்.

தோற்றம்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொகுத்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்ற நாளைத் தாங்கி வெளிவந்தது. பெயர், பயன்பாட்டுச் சுருக்கம், விளக்கம், கோப்புகள், தொடர்புடையவை, பிழைகள் என்ற தலைப்புகள் அதிலேயே உண்டு. நிரலுக்குப் பொறுப்பானவர் யார் என்று சொல்லும் ‘உரிமையாளர்’ தலைப்பு பின்னாளில் உதிர்ந்தது; ‘பிழைகள்’ நிலைத்தது. தன் நிரலின் குறையைத் தானே எழுதுவதற்கென்று ஒதுக்கிய இடம் அது. விலைக்கு வரும் மென்பொருள்களின் கையேடுகளில் அப்படி ஒரு தலைப்பை எளிதில் பார்க்க முடியாது. கையேட்டுக்கு அங்கே இருந்த மதிப்பை இன்னொன்றும் காட்டும்: ஆறாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு என்று இயங்குதளத்தையே கையேட்டின் பதிப்பெண்ணால்தான் அழைத்தார்கள்.

1979இல் வந்த ஏழாம் பதிப்புக்காக டக்ளஸ் மெக்கில்ராய் ‘மேன்’ மேக்ரோக்களை உருவாக்கினார். தலைப்பு, பத்தி, தடித்த எழுத்து, சாய்வெழுத்து ஆகியவற்றுக்குச் சிறு குறிகள். அவற்றைப் படித்து டிராஃப் என்னும் அச்சுக்கோப்பு நிரல் பக்கத்தை அமைக்கும். கற்க எளிது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இந்தக் குறிகளில் பல, எழுத்து எப்படித் தோன்ற வேண்டும் என்று மட்டுமே சொல்லும். சாய்வாக நிற்கும் சொல் கோப்பின் பெயரா, பயனர் நிரப்ப வேண்டிய இடமா என்பது எழுதியவரின் மனத்தோடு நின்றுவிடும். கோப்புப் பெயரை ஒருவர் சாய்ப்பார், இன்னொருவர் தடிப்பார், மூன்றாமவர் மேற்கோள் குறிக்குள் வைப்பார். மூன்றையும் நிரல் மறுப்பின்றி ஏற்கும்.

இதற்கு மாற்று பெர்க்லியிலிருந்து வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. வெளியீடுகளுக்காக 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிந்தியா லிவிங்ஸ்டன் ‘எம்டாக்’ மேக்ரோக்களை அமைத்தார். இதில் கட்டளைப் பெயருக்கு ஒரு குறி, தேர்வுக் கொடிக்கு ஒன்று, கோப்புப் பாதைக்கு ஒன்று, பிற பக்கங்களைச் சுட்ட ஒன்று. எழுதுபவர் பொருளைக் குறித்தால் போதும்; தடிப்பதா சாய்ப்பதா என்பதை நிரல் பார்த்துக்கொள்ளும். வடிவ ஒழுங்கைக் காப்பதற்கு இதைவிட உறுதியான வழி மேன் பக்க வரலாற்றில் வேறில்லை. இருந்தும் மனப்பாடம் செய்ய வேண்டிய குறிகள் ஏராளம் என்பதாலோ என்னவோ, லினக்ஸ் உலகின் பெரும்பகுதி மெக்கில்ராயின் பழைய குறிகளோடேயே இருந்துகொண்டது.

லினக்ஸ் திட்டத்தின் விதிகள்

கருவி செய்யாததை அங்கே விதியால் செய்ய வேண்டியிருந்தது. லினக்ஸ் கருவின் கணினி அழைப்புகளையும் சி நூலகச் செயற்கூறுகளையும் விளக்கும் ‘மேன்-பேஜஸ்’ திட்டத்தை 2004 முதல் மைக்கேல் கெரிஸ்க் பராமரித்தார். அதன் எழுத்து விதிகளும் ஒரு மேன் பக்கமாகவே, கையேட்டின் ஏழாம் பிரிவில், கிடைக்கின்றன. தலைப்புகளின் வரிசை, செயற்கூற்றின் உள்ளீடுகள் சாய்வில், மாறிலிகள் தடிப்பில், அமெரிக்க எழுத்துக்கூட்டல் என்று அது போகிறது. தொடர்புடைய பக்கங்களின் பட்டியல் முதலில் பிரிவெண் வரிசையிலும் பிறகு அகர வரிசையிலும் அமைய வேண்டும். முடிவில் முற்றுப்புள்ளி கூடாது.

இவற்றில் ஒரு விதி பக்கத்தைப் படிப்பவர் கண்ணுக்கே தெரியாது. மூலக் கோப்பில் ஒவ்வொரு வாக்கியமும் புது வரியில் தொடங்க வேண்டும், நீண்ட வாக்கியத்தைத் தொடர் முறியும் இடத்தில் உடைக்க வேண்டும் என்பது அது. பிரையன் கெர்னிகன் 1974இலேயே தந்த யோசனை. ஒரு சொல்லைத் திருத்தினால் பத்தி முழுதும் மறுபடி மடங்கி, எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டும் தொல்லை இதனால் வராது. பிறர் அனுப்பும் திருத்தங்களைச் சரிபார்க்கும் பராமரிப்பாளருக்கு இதன் அருமை தெரியும்.

‘பெயர்’ தலைப்பின் ஒற்றை வரிக்கு இன்னும் கண்டிப்பு. கட்டளையின் பெயர், சிறுகோடு, ஒரு வரி விளக்கம். ‘அப்ரோபோஸ்’, ‘வாட்இஸ்’ ஆகிய தேடல் கட்டளைகள் இந்த வரியைத்தான் அட்டவணைப்படுத்துகின்றன. அமைப்பு பிசகினால் பக்கம் இருந்தும் தேடலில் அகப்படாது. லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியனின் ‘லிண்டியன்’ சோதனை நிரல் இந்தப் பிசகைக் கண்டால் தொகுப்பாளரிடம் முறையிடும்.

சிறுகோட்டுச் சிக்கல்

ஒழுங்கின்மை எவ்வளவு காலம் உறங்கிக் கிடக்கும் என்பதற்குச் சிறுகோடு சான்று. விசைப்பலகையில் இருப்பது ஒரே கோடு. டிராஃப் மரபில் அதை அப்படியே தட்டினால் சொற்களை இணைக்கும் கோடு. முன்னால் ஒரு பின்சாய்கோடு இட்டால் கழித்தல் குறி. தேர்வுக் கொடிகளுக்கு இரண்டாவதையே எழுத வேண்டும். எண்ணற்ற பக்கங்கள் முதலாவதை எழுதின. முனையத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்ததால் யாரும் கவலைப்படவில்லை.

யூனிகோடு வந்தபின் இரண்டும் வெவ்வேறு எழுத்துகளாயின. டிராஃபின் இடத்தில் லினக்ஸ் பயன்படுத்தும் குனு நிரலான குரோஃப், மேன் பக்கங்களுக்காக இரண்டையும் ஒன்றாகவே காட்டிவந்தது. 2023 ஜூலையில் வந்த அதன் 1.23.0 பதிப்பு அந்தச் சலுகையை நிறுத்தியது. தவறாக எழுதிய பக்கங்களில் கொடிகளைத் தேடினால் கிடைக்கவில்லை. கட்டளையை நகலெடுத்து முனையத்தில் ஒட்டினால் ஓடவில்லை. கண்ணுக்கோ பழைய கோடேதான். பக்கங்களைத் திருத்துவதே முறை என்றது ஒரு தரப்பு. பயனரைத் தண்டித்து எழுத்தாளருக்குப் பாடம் சொல்வதா என்றது மறுதரப்பு. டெபியன் தன் அமைப்புக் கோப்பின் வழியே பழைய நடத்தையை மீட்டுவைத்தது. இலக்கணப்படி குரோஃப் சொன்னது சரி. ஆனால் பத்தாயிரக்கணக்கான கோப்புகளைத் திருத்தப் போவது யார் என்று பார்த்தால் டெபியன் செய்ததுதான் நடக்கக்கூடிய காரியம்.

சோதனைக் கருவிகள்

கிறிஸ்டாப்ஸ் ஜான்சன்ஸ் 2008இல் தொடங்கிய ‘மேன்டாக்’ நிரல் ஓபன்பி.எஸ்.டி.யில் குரோஃபின் இடத்தைப் பிடித்தது. பக்கத்தைக் காட்டுவதோடு, தலைப்பு இடம் மாறியிருத்தல், வரி முடிவில் வெற்றிடம், காலாவதியான குறி போன்றவற்றையும் அது சுட்டும். மார்க்டவுன், ஆஸ்கிடாக் முதலிய வடிவங்களில் எழுதி மேன் பக்கமாக மாற்றிக்கொள்ளும் திட்டங்களும் பல. பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட் அவற்றில் ஒன்று. மாற்றி நிரலுக்குத் தெரியாத பொருள் வேறுபாடுகள் அந்த வழியில் தொலைந்துபோவதுண்டு.

குரோஃப் 1.23.0 பழைய மேன் குறிகளோடு புதிதாக ஒன்றையும் சேர்த்தது. பிற பக்கத்தைச் சுட்டும்போது பெயரைத் தடிப்பதா சாய்ப்பதா என்று இனி எழுதுபவர் முடிவு செய்ய வேண்டியதில்லை. இது ஒரு சுட்டு என்று குறித்துவிட்டால் எழுத்துருவை வாசகரின் கணினியே தேரும். எம்டாக்கில் இதற்கு இணையான குறி தொடக்கம் முதலே இருந்தது.